பட்டாளத்திலிருந்து சேரிக்கு: திரும்பி வந்தவர்களின் எழுதப்படாத வரலாறு



நினைவுரை மேடைகளில் பெரும்பாலும் இறந்தவர்களைப் பற்றித்தான் பேசுகிறோம். இன்று நாம் எடுத்துக்கொண்டிருப்பது சாகாமல் திரும்பி வந்தவர்களின் கதை. போருக்குப் போய், உயிர் பிழைத்து, ஒரு டிரங்குப் பெட்டியோடு தருமபுரிப் பக்கத்துச் சேரிகளுக்கு வந்து சேர்ந்த தலித் படைவீரர்கள் வந்தபின் மனைவி மக்களோடு எப்படி வாழ்ந்தார்கள், எந்த இடத்தில் அந்த வாழ்வு முறிந்தது என்பதைப் பார்ப்போம்.

நம்முடைய மாவட்டம் நடுகற்களின் மாவட்டம். தருமபுரி அருங்காட்சியகத்துக்குப் போன மாணவர்கள் வரிசையாக நிற்கும் அந்தக் கற்களைப் பார்த்திருப்பீர்கள். ஆநிரை மீட்கும் பூசலில், ஊர் காக்கும் சண்டையில் செத்தவர்களுக்கு நட்ட கற்கள். இன்னாருடைய சேவகன், இந்தப் பூசலில் பட்டான் என்று வட்டெழுத்தில் பொறித்திருக்கும். 'பட்டான் கல்' என்றே அதற்குப் பெயர். பக்கத்துத் திருவண்ணாமலை மாவட்டத்து எடத்தனூரில் கள்வரைக் கடித்து நின்ற ஒரு நாய்க்கும் கல் உண்டு. அந்த நாயின் பெயர் கோவிவன் என்றுகூட அதில் எழுதி வைத்தார்கள். பட்டவனுக்குக் கல் நட்டார்கள், பட்டவனோடு நின்ற நாய்க்கும் நட்டார்கள். அதே பூசலில் வெட்டுப்பட்டு, கையோ கண்ணோ போய், வீட்டுக்கு நடந்து வந்தவனைப் பற்றி ஒரு கல்லும் பேசவில்லை.

இதை ஆயிரத்து சொச்சம் ஆண்டு தாண்டி வந்து பார்த்தாலும் நிலைமை அவ்வளவாக மாறவில்லை. முதல் உலகப் போருக்குப் பிறகு ஆங்கில அரசு ஊர் ஊராகக் கல்வெட்டுப் பலகைகள் பதித்தது. இந்த ஊரிலிருந்து 1914–1919 பெரும்போருக்கு இத்தனை பேர் போனார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிரைக் கொடுத்தார்கள் என்று இரண்டே எண்கள். பெயர் கிடையாது. எடத்தனூர் நாய்க்குக் கிடைத்த பெயர் மெசபடோமியாவுக்குப் போன மனிதனுக்குக் கிடைக்கவில்லை. முதல் எண்ணிலிருந்து இரண்டாவது எண்ணைக் கழித்தால் திரும்பி வந்தவர்களின் கணக்கு வரும். அந்தக் கழித்தல் கணக்கைப் பலகை போடவில்லை. வரலாற்றாசிரியர்களும் அதிகம் போடவில்லை. நாம் போட்டுப் பார்ப்போம்.

சமூகவியல் படித்தவர்கள் ஆல்ஃப்ரட் ஷூட்ஸ் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பார்கள். ஆஸ்திரியாவில் பிறந்து, முதல் உலகப் போரில் அந்நாட்டுப் படையில் இருந்து, பின்னர் நாஜிகளிடமிருந்து தப்பி அமெரிக்கா போன யூத அறிஞர். 1945-ல், இரண்டாம் போரின் வீரர்கள் வீடு திரும்பிக்கொண்டிருந்த நேரத்தில், வீடு திரும்புபவனைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அவர் சொன்னதன் சாரம் இது: போனவனும் மாறியிருக்கிறான், வீட்டில் இருந்தவர்களும் மாறியிருக்கிறார்கள், ஆனால் இரு தரப்பும் மற்றவர் பழையபடியே இருப்பார் என்று எதிர்பார்த்துக் காத்திருக்கிறார்கள். அதனால் வீடு முதல் பார்வையில் அவனுக்கு அறியாத முகம் காட்டுகிறது. கூர்மையான கட்டுரை, மாணவர்கள் தேடிப் படிக்க வேண்டும். ஆனால் ஷூட்ஸ் சொல்லும் வீரன் ரயிலை விட்டு இறங்கினால் நேரே அவன் வீட்டுக்குப் போய்விடுகிறான். நம் ஆள் அப்படிப் போக முடியாது. ரயிலடிக்கும் அவன் வீட்டுக்கும் நடுவில் ஊர் இருக்கிறது. ஊர்த் தெரு வழியாகச் செருப்புக் காலோடு போகலாமா, டீக்கடை பெஞ்சில் உட்காரலாமா என்ற கேள்விகளைக் கடந்துதான் அவன் பெண்டாட்டி பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கவேண்டும். அந்த நூறு அடித் தூரத்தில் நடந்தது அவன் குடும்பத்துக்குள்ளும் வந்து குடியேறியது. நம்முடைய வாதம் இதுதான்.

கொஞ்சம் பின்னோக்கிப் போவோம். 1792-ல் திப்பு சுல்தானோடு நடந்த சீரங்கப்பட்டண உடன்படிக்கையில் பாராமகால் கம்பெனி கைக்கு வந்தது. அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் நிலவரி போட வந்தார்கள். இருவருமே சிப்பாய் அதிகாரிகள். மன்றோ ஏழு ஆண்டு இந்தத் தருமபுரியில் இருந்தார், தோட்டம் போட்டார், இந்த ஊரைப் பிரிய மனமில்லாமல் பிரிந்ததாகக் கடிதங்களில் தெரிகிறது. அவருக்குத் தருமபுரியில் நினைவுத்தூணும் உண்டு. போரிலிருந்து வந்து இந்த மண்ணில் நிம்மதியாகக் குடியிருந்த படைவீரர் என்று நாம் ஆவணத்தோடு காட்டக்கூடிய முதல் ஆள் ஒரு ஸ்காட்லாந்துக்காரர்!

அந்தக் கம்பெனிப் படையில் பறையர்கள் ஏராளமாக இருந்தார்கள். குறிப்பாக 1780-ல் பயனியர் படையாகத் தொடங்கி, பின்னர் மெட்ராஸ் சாப்பர்ஸ் என்று பெயர் பெற்ற பொறியியல் படையில். பாலம் கட்ட, சுரங்கம் வெட்ட, பாதை போட, அகழி தாண்ட. சீரங்கப்பட்டணம், ஜாவா, பர்மா, சீனா, அபிசீனியா, எகிப்து என்று அவர்கள் போகாத போர்முனை குறைவு. கடல் தாண்டினால் சாதி போய்விடும் என்று வங்காளப் படையின் மேல்சாதிச் சிப்பாய்கள் முரண்டு பிடித்த காலத்தில், போவதற்குச் சாதி எதையும் வைத்திருக்காத இவர்கள் கப்பலேறினார்கள். படைக்குள் இவர்களுக்குச் செல்லப்பெயர் 'தம்பி'. ஊரில் இவர்களைக் கூப்பிட்ட பெயர்களை இந்த மேடையில் சொல்லத் தேவையில்லை.

இங்கே நமக்கு முக்கியமான ஒரு செய்தி: பழைய சென்னைப் படையில் சிப்பாயின் குடும்பம் அவனோடேயே இருந்தது. படைப்பிரிவு இடம் மாறினால் மனைவி, குழந்தை, தாய், தட்டுமுட்டுச் சாமான் எல்லாம் மாட்டு வண்டியில் கூடவே போகும். வெளிநாட்டுக்குப் போனால் சம்பளத்தில் ஒரு பங்கை இங்கே குடும்பத்துக்குக் கொடுக்க ஏற்பாடு இருந்தது. சிப்பாய்களின் மகன்களைச் சிறுவயதிலேயே சிறு சம்பளத்தில் பட்டியலில் சேர்த்துக்கொள்ளும் வழக்கமும் இருந்தது. இதெல்லாம் வெள்ளைக்காரனின் கருணை என்று நாம் சொல்ல மாட்டோம்; ஆள் ஓடிப்போகாமல் பிடித்து வைக்க அதுதான் மலிவான வழி. ஆனால் விளைவு என்ன? தலித் சிப்பாய் ஓய்வு பெற்றபோது அவன் குடும்பத்துக்குச் சொந்த ஊர் என்ற ஒன்று நினைவில் மட்டும்தான் இருந்தது. அவன் பெங்களூர் தண்டிலும் பல்லாவரத்திலும் வேலூரிலும் தங்கிவிட்டான். தண்டு என்ற கண்டோன்மெண்டில் சாதி இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அங்கே ஆண்டை இல்லை. பிள்ளை பள்ளிக்கூடம் போவதைக் கேட்க ஆளில்லை.

இந்த இடத்தில் நாம் எல்லோரும் அறிந்த ஒரு படைவீரரின் குடும்பத்துக்குள் போய்ப் பார்க்கலாம். சுபேதார் ராம்ஜி சக்பால். கொங்கணத்து அம்பாவடே அவர் பூர்வீகம். மகார். இராணுவப் பள்ளியில் தலைமை ஆசிரியர். 1891-ல் மாவ் தண்டில் பதினான்காவது குழந்தையாக பீமராவ் பிறந்தபின் சில ஆண்டுகளில் ஓய்வு பெற்றார். ஓய்வு பெற்றவர் அம்பாவடேக்குத் திரும்பவில்லை. ஓய்வுபெற்ற மகார் படைவீரர்கள் நிறைந்திருந்த தாபோலிக்குப் போனார், பிறகு சாத்தாரா. அந்த வீட்டு வாழ்க்கையை அம்பேத்கரின் சொந்தக் குறிப்புகளிலும், வாழ்க்கை வரலாற்றை எழுதிய தனஞ்செய் கீரிடமும் படிக்கிறோம். சாத்தாராவில் மனைவி பீமாபாய் இறந்துபோகிறார். அத்தை குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறார். ராம்ஜி கோரேகாவில் பஞ்ச நிவாரண ஏரி வேலையில் காசாளராக வெளியூரில் இருக்கிறார். படையில் இருந்தபோது குடும்பத்தோடு இருந்தவர், ஓய்வு பெற்றபின் பிழைப்புக்காகக் குடும்பத்தைப் பிரிகிறார்.

1901-ல் அப்பாவைப் பார்க்கப் பிள்ளைகள் புறப்படுகிறார்கள். சுபேதார் வீட்டுப் பிள்ளைகள் அல்லவா, நன்றாக உடுத்தியிருக்கிறார்கள். மசூர் ரயில் நிலையத்து அதிகாரி இவர்களை மேல்சாதிப் பிள்ளைகள் என்றே நினைக்கிறார். சாதி தெரிந்ததும் வண்டிக்காரன் ஏற்ற மறுக்கிறான். இரட்டை வாடகை கொடுத்து, பிள்ளைகளே வண்டியை ஓட்ட, அவன் கூட நடந்து வருகிறான். வழியில் குடிக்கத் தண்ணீர் கிடைக்கவில்லை. சாத்தாராவில் முடிதிருத்துபவர் யாரும் வெட்டமாட்டார்கள் என்பதால் அக்காதான் தம்பிகளுக்கு முடிவெட்டி விடுகிறாள். ஒரு படைவீரர் தன் குழந்தைகளுக்குக் கொடுக்க முடிந்த உடுப்பும், கொடுக்க முடியாமல் போன தண்ணீரும் ஒரே பயணத்தில் இருக்கின்றன.

ராம்ஜியின் வீட்டுக்குள் பூசலும் இருந்தது. அதை நாம் மறைக்க வேண்டியதில்லை. அவர் இரண்டாம் திருமணம் செய்துகொண்டது சிறுவன் பீமுக்குப் பிடிக்கவில்லை. இறந்த தாயின் நகைகளைச் சிற்றன்னை அணிந்ததைக் கண்டு மனம் வெதும்பி, அப்பாவின் கையை எதிர்பார்க்காமல் மும்பை ஆலைக்கு வேலைக்கு ஓடிவிட வேண்டும் என்று அத்தையின் காசுப்பையைத் திருடப் பார்த்து, அதில் அரையணா மட்டும் இருந்ததைக் கண்டதாகக் கீர் எழுதுகிறார். அதே ராம்ஜிதான் பின்னாளில் பரேலில் ஒற்றை அறையில் இரவு இரண்டு மணிக்கு மகனைப் படிக்க எழுப்பிவிட்டார். புத்தகம் வாங்க மணமான மகள்களின் நகையைக் கேட்டுப் போனார். படை ஒழுங்கு, பிடிவாதம், இழந்த மதிப்பை மகன் வழியாக மீட்டே தீர்வது என்ற வெறி எல்லாம் கலந்த ஒரு தகப்பன். நம் சேரிகளில் மிலிட்டரிக்காரர் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இந்தத் தகப்பனை அடையாளம் தெரியும்.

ராம்ஜி ஓய்வு பெற்ற காலத்தில்தான் கதவும் சாத்தப்பட்டது. 1881 முதல் 1885 வரை சென்னைப் படைக்கும், பிறகு 1893 வரை இந்தியப் படை முழுவதற்கும் தலைமை தாங்கிய ராபர்ட்ஸ், தெற்கத்தியான் போருக்கு லாயக்கில்லை என்ற முடிவுக்கு வந்தார். தன் நினைவு நூலிலும் அப்படியே எழுதினார். 'போர்க்குடிகள்' என்ற கோட்பாடு அரசுக் கொள்கையானது. 1890களின் தொடக்கத்தில் மகார்களைச் சேர்ப்பது நின்றது. சென்னைக் காலாட்படைப் பிரிவுகள் ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டன. தாபோலியில் ஓய்வுபெற்ற படைவீரர் கோபால் பாபா வலங்கர் இதை எதிர்த்து மனு எழுதினார். முதல் போர் வந்ததும் கதவைத் திறந்து 1917-ல் 111-வது மகார் பிரிவை உருவாக்கினார்கள். போர் முடிந்ததும் 1921-ல் கலைத்தார்கள். இரண்டாம் போர் வந்ததும் 1941-ல் மறுபடி மகார் ரெஜிமெண்ட், 1943-ல் சமார் ரெஜிமெண்ட். 1946-ல் சமார் ரெஜிமெண்ட் கலைப்பு. சென்னைக் காலாட்படைக்கும் 1940களில்தான் மீண்டும் உயிர் வந்தது. தேவைப்பட்டபோது வீரன், தேவை தீர்ந்ததும் தீண்டத்தகாதவன். இடையில் தாக்குப்பிடித்தது மெட்ராஸ் சாப்பர்ஸ் போன்ற சில படைகளே.

ஆக, இருபதாம் நூற்றாண்டில் சேர்ந்த தலித் படைவீரர் பழைய தண்டுக்குடும்பத்து ஆள் அல்லர். மனைவியைச் சேரியில் விட்டுவிட்டு, மணியார்டரும் கடிதமும் அனுப்பி, விடுப்பு கிடைத்தால் வந்து போகும் ஆள். அவர் திரும்பி வர வேண்டிய இடம் இப்போது தண்டு இல்லை, சொந்தச் சேரி. திரும்புதலின் சிக்கல் இங்கேதான் முழு உருவம் எடுக்கிறது.

இரண்டாம் உலகப் போரில் இந்தியப் படை ஏறத்தாழ 25 லட்சம் பேராக வளர்ந்தது. உயிரிழந்தவர்கள் சுமார் 87,000 பேர். கழித்துப் பாருங்கள். நம் பகுதி அப்போது சேலம் மாவட்டம்; தருமபுரி தனி மாவட்டமானது 1965-ல்தான். மழை பொய்க்கும் மேட்டுநிலம், கேழ்வரகு, சாமை, கடன். சேரியிலிருந்து வெளியேறக் கோலார் தங்கவயல், தேயிலைத் தோட்டம், பட்டாளம் என்று சில வழிகளே இருந்தன. மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906-ல் போட்ட குறுகிய பாதை ரயில் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. போர்க்காலத்தில், 1941-ல், அதை நிறுத்திவிட்டார்கள். 1946-ல் திரும்பி வந்தவர்கள் மொரப்பூரில் இறங்கினால் தருமபுரிக்கு ரயில் இல்லை. முப்பது கிலோமீட்டர் அளவுக்குப் பேருந்தோ, மாட்டு வண்டியோ, நடையோ. அந்தப் பாதையை மறுபடி போடச் சொல்லி இந்த மாவட்டம் எத்தனை தேர்தல் வாக்குறுதிகளைக் கேட்டது என்பது வேறு கதை.

பெட்டியைத் திறப்போம். பச்சையோ கறுப்போ பூசிய தகரப் பெட்டி, மேலே வெள்ளை மையில் எண்ணும் பெயரும். உள்ளே காக்கிச் சட்டை, பூட்ஸ், கம்பளி, அலுமினியத் தட்டு, சவரக்கத்தி, பதக்கம் ஒன்றிரண்டு, டிஸ்சார்ஜ் புத்தகம். இதை இன்னொரு பட்டியலோடு வைத்துப் பார்க்கவேண்டும். 1930 டிசம்பரில் இராமநாதபுரம் சீமையில் கள்ளர்கள் ஆதிதிராவிடர்கள்மீது விதித்த எட்டுத் தடைகளை ஹட்டன் தன் நூலில் பதிவு செய்திருக்கிறார். ஆண்கள் முழங்காலுக்குக் கீழேயும் இடுப்புக்கு மேலேயும் துணி உடுத்தக்கூடாது. சட்டை, கோட்டு, பனியன் கூடாது. முடியைக் கிராப் வெட்டக்கூடாது. மண்பாண்டம் தவிர வேறு புழங்கக்கூடாது. குடை, செருப்பு கூடாது. அடுத்த ஆண்டு பதினொன்றாக அதை நீட்டினார்கள். பிள்ளைகள் எழுதப் படிக்கக்கூடாது என்பதும் சேர்ந்தது. இது தென்கோடியில் நடந்தது. தருமபுரியின் சாதி அடுக்கு வேறு, இங்கே இப்படிப் பட்டியல் போட்டு எழுதி வைக்கவில்லை. ஆனால் எழுதாத பட்டியல் எல்லா ஊரிலும் இருந்தது. படைவீரர் ஒருவரின் உடம்பை மேலிருந்து கீழே பாருங்கள்: கிராப் தலை, காக்கிச் சட்டை, முழுக்கால்சட்டை, பூட்ஸ், கையில் அலுமினியத் தட்டு. தடைப்பட்டியலின் ஒவ்வொரு வரியும் அவர் உடம்பில் மீறப்பட்டிருந்தது. அவர் எதிர்த்துப் பேச வாயே திறக்கவேண்டாம். நடந்து வந்தால் போதும்.

அவருக்கு முன்னால் இரண்டு வழி. ஊர் எல்லையில் பூட்ஸைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வது ஒன்று. கழற்றாமல் போவது இன்னொன்று. கழற்றினால் அதைப் பிள்ளைகள் பார்த்தார்கள். கழற்றாவிட்டால் மறுநாள் மனைவிக்கு நாற்று நடக் கூலி வேலை இல்லை. இந்த இரண்டாவதைப் பற்றி நாம் போதுமான அளவு பேசுவதில்லை. அவர் இல்லாத ஐந்தாறு ஆண்டுகளில் குடும்பத்தை இழுத்துப் பிடித்து நிறுத்தியவள் அவள். மணியார்டர் தாமதமானபோது ஆண்டை வீட்டில் போய் நின்று கம்பு வாங்கியவள், மாமியாரைப் பார்த்தவள், குழந்தையைப் புதைத்துவிட்டுக் கடிதத்தில் எழுதாமல் விட்டவள். யாரிடம் எப்படிக் குனிந்தால் எது கிடைக்கும் என்ற கணக்கை அவள் கற்றிருந்தாள். வந்தவருக்கு அந்தக் குனிதல் பொறுக்கவில்லை. இனி நீ அந்த வீட்டு வாசலுக்குப் போகக்கூடாது என்கிறார். சுயமரியாதை என்று நாம் இதைக் கொண்டாடுகிறோம், கொண்டாடவும் வேண்டும். அந்த உத்தரவால் அடுப்பு அணைந்தது அவளுக்குத்தான். அதிகாரியிடம் கற்ற அதட்டலும், அதட்ட ஊரில் வேறு ஆள் இல்லாத நிலையும் சேர்ந்து பல வீடுகளில் மனைவி மக்கள்மேல் இறங்கின. காலை ஐந்து மணிக்கு எழாத பிள்ளைக்கு அடி, மடிக்காத போர்வைக்கு அடி. ஆண்டையைக் கேட்க முடியாத கேள்வியை அவர் சோற்றுத் தட்டைக் கேட்டார். எங்கள் பகுதிப் பெரிய பெண்களிடம் உட்கார்ந்து கேட்டால் இந்தக் கதை வேறு வேறு பெயர்களில் வரும்.

இன்னொரு பக்கம், போர் அவர் உள்ளே செய்த வேலை. 1915-லேயே ஐரோப்பிய மருத்துவர்கள் 'ஷெல் ஷாக்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். 1980-ல் அமெரிக்க மனநல மருத்துவர்கள் அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த நோய் என்று கையேட்டில் சேர்த்தார்கள். சேரியில் அதற்கு இருந்த பெயர்கள் காத்து சேட்டை, பேய், மிலிட்டரிக் கிறுக்கு. கண்ணிவெடி எடுப்பதும் குண்டுமழையில் பாலம் போடுவதும் சாப்பர்களின் அன்றாட வேலை. 1944-ல் இத்தாலியின் மிக்னானோவில் மெட்ராஸ் சாப்பர்ஸைச் சேர்ந்த சுப்பிரமணியன், மிதிபட்ட கண்ணிவெடிமேல் தன் உடம்பைப் போட்டு மற்றவர்களைக் காப்பாற்றி இறந்தார். ஜார்ஜ் கிராஸ் பெற்றார். அவரை நாம் நினைவுகூர்கிறோம். அந்த வெடியில் பிழைத்து ஊர் திரும்பியவர்கள் பிறகு எப்படித் தூங்கினார்கள் என்று யாரும் கேட்டு எழுதவில்லை. திண்ணையில் படுப்பவர், தொட்டு எழுப்பினால் கையை ஓங்குபவர், தீபாவளி வெடிக்குக் காட்டுப் பக்கம் போய்விடுபவர் என்று பேரப்பிள்ளைகள் சிரித்துக்கொண்டே சொல்லும் தாத்தாக்கள் இருக்கிறார்கள். பூசாரியிடம் தாயத்து கட்டினார்கள். மருத்துவம் அவ்வளவுதான்.

பிறகு குடி. படை அவருக்குக் கற்றுக்கொடுத்த அளவு ரம். அவர் வந்து இறங்கிய மாவட்டமோ 1937 அக்டோபர் முதல் தேதி ராஜாஜி இந்த மாகாணத்திலேயே முதலில் மதுவிலக்கு கொண்டுவந்த சேலம் மாவட்டம். 1948-ல் மாகாணம் முழுக்க விலக்கு. பின்னாளில் வந்தவர்களுக்கு இராணுவக் கேண்டீனின் கோட்டா பாட்டில் கிடைத்தது. அந்தப் பாட்டில் ஒரு விநோதமான சமூகப் பொருள். அதற்காக ஊர்க்காரர்கள் சேரிக்கு வந்தார்கள். கைகுலுக்கத் தயங்கியவர்கள் பாட்டிலுக்குக் கை நீட்டினார்கள். மிலிட்டரிக்காரர் அதை மதிப்பு என்று எடுத்துக்கொண்டார். மனைவி அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

அரசு என்ன செய்தது? சேவை ஓய்வூதியத்துக்குப் பதினைந்து ஆண்டு தேவை. போருக்கென்று சேர்ந்து நான்கைந்து ஆண்டில் அனுப்பப்பட்டவர்களுக்குக் கையில் கொஞ்சம் பணிக்கொடை மட்டுமே. ஆனால் ஒரு காரியம் நடந்தது, அதை நம் மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 1945 ஜூலையில், அம்பேத்கர் வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது, அந்தத் துறையின் கீழ் மறுகுடியமர்த்தல் மற்றும் வேலைவாய்ப்பு இயக்ககம் அமைந்தது. படையிலிருந்து விடுவிக்கப்பட்டவர்களையும் போர்த் தொழிற்சாலைகளிலிருந்து அனுப்பப்பட்டவர்களையும் மறுபடி வாழ்க்கையில் உட்காரவைக்க உருவான அமைப்பு. பின்னர் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். நீங்களும் நாமும் பிளஸ் டூ முடித்ததும் வரிசையில் நின்று பதிந்த வேலைவாய்ப்பு அலுவலகத்தின் மூலம் இதுதான். ஒரு சுபேதாரின் மகன் அந்த நாற்காலியில் இருந்தார் என்பதைத் தற்செயல் என்று சொல்லிவிட்டுப் போகலாம். நமக்கு அப்படிச் சொல்ல மனமில்லை. ஆனால் வேலை கொடுத்தார்கள், நிலம் பெரும்பாலும் கொடுக்கவில்லை. நிலமில்லாமல் சேரியில் உட்கார்ந்தவர் பணிக்கொடை தீர்ந்ததும் அதே ஆண்டை நிலத்தில் கூலிக்கு இறங்கவேண்டியிருந்தது. சிலர் இறங்காமல் பெங்களூருக்கும் கோலாருக்கும் காவலாளியாகப் போனார்கள். மறுபடியும் பிரிவு, மறுபடியும் மணியார்டர்.

திரும்பி வந்து, குனியாமல், ஊரிலேயே நின்றவர்களுக்கு என்ன ஆயிற்று என்பதற்கு நம்மிடம் ஒரு பெயர் இருக்கிறது. இம்மானுவேல் சேகரன். 1924-ல் பரமக்குடி அருகே செல்லூரில் பிறந்தவர். 1940களின் நடுவில் இராணுவத்தில் சேர்ந்து அவில்தாராக இருந்தவர். மனைவி அமிர்தம் கிரேஸ், நான்கு மகள்கள். படையைவிட்டு வந்து முழுநேரமாக ஒடுக்கப்பட்ட மக்களைத் திரட்டினார். 1957 செப்டம்பர் 10 அன்று முதுகுளத்தூர் அமைதிக் கூட்டத்தில் சமமாக உட்கார்ந்து பேசினார். மறுநாள் இரவு பரமக்குடியில் வெட்டிக் கொல்லப்பட்டார். அதற்குப் பின் நடந்த கலவரமும் துப்பாக்கிச்சூடும் நீங்கள் அறிந்தவை. ஆண்டுதோறும் செப்டம்பர் 11 அன்று பரமக்குடியில் பெருங்கூட்டம் கூடுகிறது. அவர் படைவீரர் என்பதைச் சுவரொட்டிகளில் ஒரு பட்டமாகப் போடுகிறோம். அவருடைய வீட்டுப் பெண்கள் ஐந்து பேர் அந்த வீட்டை எப்படி நடத்தினார்கள் என்பது இயக்க வரலாற்றில் ஒரு பத்தியாகக்கூட வருவதில்லை.

இன்னொரு திரும்புதலையும் சொல்லிவிட வேண்டும். 1987 ஜூலை ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கைக்குப் போன இந்திய அமைதிப்படையில் தமிழ் வீரர்களும் இருந்தார்கள். தம் மொழி பேசுபவர்களைச் சுட அனுப்பப்பட்டவர்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் அங்கே இறந்தார்கள். தமிழ்மக்கள் பட்ட துயரம் நாம் நன்கு அறிந்தது. 1990 மார்ச்சில் கடைசிப் பிரிவு சென்னைத் துறைமுகம் வந்தபோது முதல்வர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. அரசியலாக அந்த முடிவை நாம் புரிந்துகொள்கிறோம், பலர் அன்று அதை ஆதரித்தோம். ஆனால் அந்தக் கப்பலில் இருந்த தமிழ்ச் சிப்பாய் வீட்டுக்கு வந்து பெண்டாட்டியிடம் என்ன சொல்லியிருப்பார்? பெருமைப்பட முடியாது, அழவும் முடியாது. நம்முடைய அரசியல் அவருக்குப் பேச ஒரு சொல்லும் கொடுக்கவில்லை.

வெளியே போய்ச் சம்பாதித்து வந்த பொருள்மீது ஊருக்கு இருக்கும் கோபம் காக்கியோடு முடியவில்லை என்பதை இந்த மாவட்டம் 2012 நவம்பர் 7 அன்று பார்த்தது. நாயக்கன்கொட்டாய் பக்கம் நத்தம் காலனி, அண்ணா நகர், கொண்டம்பட்டி. ஒரு காதல் திருமணத்தைக் காரணம் சொல்லி இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகள் தாக்கப்பட்டன. பெங்களூரிலும் திருப்பூரிலும் உழைத்து வாங்கிய பீரோ, தொலைக்காட்சி, இருசக்கர வண்டி, பிள்ளைகளின் சான்றிதழ் எல்லாம் தேர்ந்தெடுத்துக் கொளுத்தப்பட்டன. 1930-ன் பட்டியலில் சட்டையும் செருப்பும் இருந்த இடத்தில் இப்போது பீரோவும் வண்டியும்.

இந்த உரையை இப்போது சொல்ல ஒரு காரணம் உண்டு. 2022 ஜூனில் அக்னிபத் திட்டம் அறிவிக்கப்பட்டது. நான்கு ஆண்டு சேவை. நூற்றுக்கு இருபத்தைந்து பேர்வரை தொடரலாம்; மற்றவர்கள் சுமார் 11.71 லட்சம் ரூபாயோடு வீட்டுக்கு. ஓய்வூதியம் இல்லை, பணிக்கொடை இல்லை. பதினெட்டு வயதில் போனவன் இருபத்திரண்டில் காலனிக்குத் திரும்பி நிற்பான். 1946-ல் ஓய்வூதியமில்லாமல் மொரப்பூரில் இறங்கியவர்களின் கதையை நாம் எழுதி வைத்திருந்தால் இன்று பயிற்சி மையங்களில் ஓடிக்கொண்டிருக்கும் நம் பிள்ளைகளிடம் காட்டியிருக்கலாம். ஓடாதே என்று நாம் சொல்லப்போவதில்லை. வேறு என்ன வேலை கொடுத்துவிட்டோம்? திரும்பி வரும்போது யார் நிற்பது என்பதைத்தான் இப்போதே யோசிக்கவேண்டும்.

ஆய்வு செய்யும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் காலனியில் மிலிட்டரி வீடு என்று சொல்லப்படும் வீட்டுக்குப் போங்கள். தாத்தாவின் பதக்கத்தைக் கேட்பதற்கு முன் பாட்டியிடம் உட்காருங்கள். டிஸ்சார்ஜ் புத்தகத்தில் அவள் பெயர் எப்படி எழுதியிருக்கிறது என்று பாருங்கள். வீட்டில் கூப்பிடும் பெயர் ஒன்று, வாக்காளர் அட்டையில் ஒன்று, எங்கோ வடக்கே உட்கார்ந்திருந்த எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியது ஒன்று என மூன்று பெயர் இருக்கும். படைவீரர்களின் மனைவிமார்க்குக் குடும்ப ஓய்வூதியம் பரவலானது 1964-க்குப் பிறகுதான். அதிலும் பெயர் பொருந்தாவிட்டால் பணம் நின்றுவிடும், மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு அலைச்சல்தான். இரண்டாம் போரில் இருந்தவர்களின் மனைவியரில் உயிரோடிருப்பவர்கள் இன்று மிகச் சிலர். தாள்களை முதலில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மணியார்டர் ரசீது, தந்தி, ரயில் வாரண்டு, எதையும் பழைய காகிதக்காரருக்குப் போட விடாதீர்கள். அவள் பேசுவதை ஒலிப்பதிவு செய்யும்போது அருகில் மகன்களை உட்கார வைக்காதீர்கள். அவர்கள் இருந்தால் அவள் அப்பாவைப் பற்றி வேறு மாதிரிதான் சொல்வாள்.